அடுத்த நாள் கொடுத்த தேத்தண்ணி

கோர்ட்டில் மொழிபெயர்ப்பவருக்கு வாய் உண்டு, கருத்துக் கிடையாது. சொந்தக்காரரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், நடுவில் நின்று முழித்தவர்களுக்கு என் பாடு விளங்கும். எழுபதுகளில் சிட்னியில் தமிழ் மொழிபெயர்க்க ஆள் தேடினால், அநேகமாக என்னிடம்தான் வந்து நிற்பார்கள். அப்படி வந்ததுதான் தேவகியின் வழக்கு.

கத்தாதது ஏன்?

தேவகி யாழ்ப்பாணத்துப் பெண். ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் புருஷனோடு இருந்தாள். வாடகையைப் பங்கு போட, புருஷனின் ஊர்ச் சிநேகிதர்கள் சிலரும் அங்கேயே இருந்தார்கள். புருஷன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர்களில் ஒருவன் அவளைக் கெடுத்துவிட்டான் என்பதுதான் வழக்கு.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடாத மனிதர். "பக்கத்து ஃபிளாட்டில் ஆட்கள் இருந்தார்களே, ஏன் கத்தவில்லை?" என்று மரியாதையாகவே கேட்டார். தேவகி சொன்னாள்: "கத்தினால் ஓடி வாறது வெள்ளைக்காரர். அவையளுக்கு நான் என்ன பாஷையிலை சொல்லுறது?"

குளித்தது ஏன்?

அடுத்த கேள்வி இது. தடயத்தை ஏன் கழுவினாய் என்று அர்த்தம். என்னைக் கேட்டிருந்தால் ஒரு பிரசங்கமே வைத்திருப்பேன். என்னை யார் கேட்டது? அவள் பதில்தான் இங்கிலீஷில் போனது: "குளிக்காமல் சமைக்கக் குசினிக்குள்ளை எப்படிப் போறது?"

தேத்தண்ணி

மறுநாள் காலை அவள் வழக்கம்போல எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். இது தெரிந்ததும் வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது. "உங்களைக் கெடுத்ததாகச் சொல்லும் ஆளுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஜூரிகள் பக்கம் திரும்பி நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் வீடுகளில் ஒருவருக்கு மட்டும் கோப்பை வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்? தேவகி மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "அந்தாளுக்குக் குடுக்காட்டி ஏனெண்டு இவர் கேப்பார். அண்டைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

நீதிபதியின் எச்சரிக்கை

கடைசி நாள் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்னதை மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி வழக்குகளில், வேறு சாட்சியம் இல்லாமல் பெண்ணின் சொல்லை மட்டும் வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்குவது ஆபத்து என்றார். நல்ல மனிதர்தான். அன்றைக்குச் சட்டம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. அதை அவள் காதுக்குள் சொல்லும்போது என் நாக்கு கூசியது.

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "களவுக் கேசிலையும் பறிகுடுத்த ஆளைப் பற்றி இப்பிடித்தான் சொல்லுவினமோ, அக்கா?"

ரயில் நிலையத்தில்

குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. தேவகி புருஷனோடு போய்விட்டாள். நான் ரயிலுக்கு நின்றேன். ஜூரியில் இருந்த ஒரு நடுத்தர வயது அம்மா என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தார். அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்ல முடியுமா என்றார். சொல்லுங்கள் என்றேன். "அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் நம்பினேன். ஆனால் அது ஆபத்து என்று நீதிபதி சொன்னாரே."

தேவகி பொய் சொன்னாள் என்று நினைத்த ஒருவரையும் நான் அந்தக் கட்டடத்தில் சந்திக்கவில்லை, ஆனாலும் கையை வீசிக்கொண்டு போனவன் அவன்தான்.