கடலில் இறங்கக் கூடாத மாதங்கள்

விடுமுறைக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் சண்டை வந்ததே இல்லை. போன இடத்தில் எந்தத் தண்ணீரில் இறங்குவது என்பதில்தான் வரும். நான் கடல் கட்சி. என் மனைவி ஹோட்டல் நீச்சல் குளத்துக் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. கோவாவோ பாண்டிச்சேரியோ, அறைக்குள் நுழைந்ததும் நான் பையைக்கூடத் திறக்காமல் கடலுக்கு ஓடுவேன். அவள் பால்கனியில் நின்று குளம் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்ப்பாள்.

"உனக்கு நீந்தவே தெரியாது. சும்மா போய் அலைகிட்ட அடி வாங்கிண்டு வர" என்பாள்.

உண்மைதான். மயிலாப்பூரில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டினப்பாக்கம் கரைக்குப் போய் அலையில் விழுந்து எழுந்ததோடு என் பயிற்சி முடிந்தது. ஒரு தடவை பெரிய அலை ஒன்று என்னைப் புரட்டிப் போட்டுக் கரையில் துப்பியபோது, மீன் கடைக்காரம்மா ஒருத்தி கத்தியைக் கீழே வைக்காமலேயே, "இன்னா நைனா, பூட்டேன்னு நென்ச்சேன், கீறியா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டு மறுபடி உள்ளே ஓடினேன். கடல் என்றால் எனக்கு அதுதான்.

அவள் தி.நகர்க்காரி. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அடையாறில் வகுப்புக்குப் போய் முறையாக நீச்சல் கற்றவள். கை வீசுவதும் மூச்சு எடுப்பதும் அத்தனை சுத்தமாக இருக்கும். கடல் என்றாலே அவளுக்கு மணல். காதில் மணல், பையில் மணல், ஊர் திரும்பிய பிறகு வாஷிங் மெஷினில் மணல். எனக்குக் குளம் என்றால் குளோரின் நாற்றம். அதோடு, பருத்தி பனியனோடு இறங்காதே என்று விசில் ஊத ஒரு ஆள் வேறு. தண்ணீரில் இறங்குவதற்கு யூனிஃபார்மா என்று எரிச்சலாக வரும்.

பல வருடம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். அவள் வாங்கிக்கொண்ட ஊசிகளுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் ஒரு வழியாக அவள் கர்ப்பமானாள். என் அம்மாவிடம் சொன்னபோது அம்மா சந்தோஷப்படக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நேராகச் சட்டம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இதோ பாரு. தலைமுடி வெட்டிக்கப்படாது. மலை ஏறப்படாது. முக்கியமா சமுத்திரத்துல இறங்கவே படாது. ஆம்படையா முழுகாம இருக்கறச்சே ஆம்படையான் சமுத்திர ஸ்நானம் பண்ணினா குழந்தைக்கு ஆகாது. உன் புத்தி எனக்குத் தெரியும். கடலைப் பார்த்தா மாடு மாதிரி ஓடுவே."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அத்தனை ஊசிக்குப் பிறகு, இது வெறும் பேச்சு என்று தள்ளிவிடும் தைரியமும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். முடி காதை மூடி வளர்ந்தது. தரமணி ஆபீஸில், "மச்சி, சாமியாரா போறியா?" என்று கேட்டார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போது காய்ந்த மணலிலேயே நடந்தேன். அலை நுரை கொஞ்சம் நீண்டு வந்தால் துள்ளிப் பின்னால் குதிப்பேன். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "ஐயோ, இதைப் பார்க்கவே இன்னும் ரெண்டு பெத்துக்கலாம்" என்றாள்.

அந்தக் குஷியில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலை ஒட்டின ஒரு ஹோட்டலில் அறை பதிவு செய்தாள். ஐந்தாம் மாதம் போவதாகத் திட்டம். கடலை எதிரில் வைத்துக்கொண்டு நான் குளத்தில் குளிக்க வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். "இந்தத் தடவை உனக்கு வேற வழியே இல்ல, மவனே" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தோற்பதில் அத்தனை சுகம் இருக்கும் என்று அதுவரை தெரியாது.

நான்காம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனோம். டாக்டரம்மா திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். துடிப்பு இல்லை என்றார்கள். மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கினேன். வீட்டில் அவள் காப்பி கலந்தாள். இரண்டு பேரும் குடித்தோம். யாரும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் உதட்டைத் தொட்டால் அடுத்தவர் உதட்டைத் தொடுவது போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

அந்த வாரம் அம்மா நங்கநல்லூரில் அக்கா வீட்டில் இருந்தாள். கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, எதற்கும் அழவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அவள் போனிலேயே கொஞ்சம் அழுதுவிட்டு, "கண்ணு ஆறட்டும். அப்புறம் நீயே சொல்லிடு" என்றாள்.

அதனால் அம்மா வழக்கம் போலத் தினமும் கூப்பிட்டாள். "வாந்தி நின்னுதா? மாதுளம்பழம் குடுக்கறியா?" நான் "ம்" என்பேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் என் மனைவி தலை நிமிர மாட்டாள். "சொல்லிடேன்" என்று ஒரு நாள் சொன்னாள். "அவங்க கேக்கறப்போல்லாம் எனக்கு என்னமோ பண்றது." சொல்கிறேன் என்றேன். வாய் வரவில்லை. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாளும் தள்ளச் சொல்கிறது. எப்படிச் சொல்வது என்பதைத் தவிர வேறு எதையும் நான் அந்த நாட்களில் யோசிக்கவில்லை.

ஹோட்டலிலிருந்து நினைவூட்டி மெசேஜ் வந்தது. ரத்து செய்யலாம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பிப் போனோம்.

அங்கே குளம் நீலமாக, கடலுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் இன்னும் சில வாரம் நீந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். குளத்தில் யாருமே இல்லை.

"நீ கடலுக்குப் போயேன்" என்றாள்.

"வேண்டாம்."

"இனிமே போகலாமே நீ."

குத்திக் காட்டவில்லை. மழை விட்டுவிட்டது, வெளியே போகலாமே என்கிற குரலில்தான் சொன்னாள். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. போனேன்.

செருப்பு மேல் போனையும் துண்டையும் வைத்துவிட்டு இறங்கினேன். அலை வந்தது. பழக்கத்தில் உடம்பு தானாக உள்ளே புகுந்து அந்தப் பக்கம் எழுந்தது. வாயெல்லாம் உப்பு. எத்தனை மாதமாக ஏங்கின கடல்! ஒன்றுமே தோன்றவில்லை. பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டது மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு அலையில் விழுந்து பார்த்தேன். பிறகு கரையேறித் துண்டை எடுத்தேன். போன் அடித்தது. கண்ணில் உப்பு எரிய, யார் என்ன என்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். வீடியோ கால். அம்மா.

"கறுப்புக் கண்ணாடி இனிமே வேண்டாம்னுட்டார்டா டாக்டர்!" முகம் முழுக்கச் சிரிப்பு. "எல்லாம் பளிச்சுனு தெரியறது. உன் மூஞ்சியை நன்னா பார்த்து எத்தனை நாளாச்சு..." சிரிப்பு நின்றது. திரைக்குக் கிட்டே வந்தாள். "ஏண்டா, தலையெல்லாம் ஈரமா இருக்கு? பின்னாடி என்னது அது? சமுத்திரமா?"

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"அட பாவி! இறங்கினியா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா! கொஞ்ச மாசம் பொறுத்துக்கப்படாதா? தவமா தவம் கிடந்து வந்திருக்கு, அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னடா பண்ணுவே?"

"இனிமே ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன்.

அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. பிறகு திரை சரிந்து அக்கா வீட்டு மின்விசிறி தெரிந்தது. சுற்றிக்கொண்டிருந்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"எப்போ?" குரல் மட்டும் வந்தது.

"உனக்கு ஆபரேஷன் ஆன வாரம்."

"அவ எங்கே?"

"குளத்துக்கிட்ட."

"தனியாவா விட்டுட்டு வந்தே? போ. போய் அவ பக்கத்துல உக்காரு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நான் அழலைடா. எனக்கு அழப்படாதுன்னு சொல்லியிருக்கா. நீங்க ரெண்டு பேரும் அழுங்கோ."

மணலும் உப்பும் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தேன். "சார், சார், ஷவர்ல குளிச்சிட்டு வாங்க சார்" என்று காவலுக்கு நின்ற ஆள் ஓடி வந்தான். நான் நிற்காமல் போய்ப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"நம்மள அழச் சொன்னா."

அவள் தண்ணீரிலிருந்து கால்களை எடுத்துக்கொண்டாள். பிறகு மணல் அப்பியிருந்த என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்தக் காவல் ஆள் திரும்பிக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாக அழுதாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போதும் வரவில்லை.