பெருங்காய டப்பாவில் ஒரு மாத்திரை

என் பெண் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்த மாத்திரை எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்குள் வந்தது. கணவருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலில் கொல்கத்தா வந்து அப்படியே தங்கிவிட்டோம். வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இவள் உட்கார மாட்டாள். டீச்சரின் புகார்களைப் படித்துப் படித்து எனக்குப் பள்ளி டைரியைக் கண்டாலே அலுப்பு. கடைசியில் ஒரு மனநல டாக்டர், கவனம் நிற்காத கோளாறு என்று சொல்லிக் காலையில் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வளர்கிற மூளையாயிற்றே, ஏதாவது ஆகிவிடுமா என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். இப்போது உதவும், பின்னாளில் என்ன செய்யும் என்று முழுசாகத் தெரியாது என்றார். பசி குறையும், எடையையும் உயரத்தையும் கவனியுங்கள், பள்ளி விடுமுறையில் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் என்னைப் பல வருடம் படுத்தி எடுத்தது.

பொய் சொல்லக் கூடாது, மாத்திரை வேலை செய்தது. அவள் எழுத்து கோட்டின்மேல் நின்றது. தலைக்கு மேல் யானை ஓடுகிறதா என்று சண்டைக்கு வரும் கீழ்வீட்டு வங்காளி மாமி, காக்கிமா, "கீ ஷாந்தோ மேயே!" என்று அவள் சாதுவாகிவிட்டதை மெச்சிக் கன்னத்தைத் தடவினாள். ஆனால் டிபன் டப்பா தொட்ட சுவடே இல்லாமல் திரும்பி வரும். சாயங்காலம் மருந்தின் வேகம் அடங்கியதும் காரணமில்லாமல் அழுவாள். நான் சோற்றுத் தட்டோடு அவள் பின்னாலேயே அலைவேன். அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது.

மாத்திரை அட்டையை ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் ஒளித்து வைத்தேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் பட்டால், பெண்ணுக்கு மூளையில் ஏதோ என்று பேச்சு கிளம்பும். அது அவள் கல்யாணம் வரை துரத்தும். இத்தனைக்கும் அவளுக்கு அப்போது எட்டு வயது. டப்பாவை எத்தனை கழுவியும் வாசனை போகவில்லை. "ரசம் மாத்திரை" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள்.

அந்த வருடம் துர்கா பூஜை பார்க்கக் கணவரின் அண்ணன் குடும்பம் வந்தது. கணவர் அவர்களை அழைத்துவர ஹவுரா ஸ்டேஷனுக்குக் கிளம்பியதும் நான் டப்பாவைத் திறந்தேன்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லையேம்மா?"

"பெரியம்மா வராங்கடி. சமத்தா இருக்கணும்ல?"

ஆறு நாளும் கொடுத்தேன். பந்தலில் டாக் மேளம் அதிர, தெருக் குழந்தைகளெல்லாம் ஆடின. இவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்ளோ அடக்கமா வளர்த்திருக்க!" என்றாள் ஓரகத்தி. நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். பிறகு யார் வந்தாலும் இதுவே வழக்கமாகிவிட்டது. விடுமுறையில் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டால், "யாரும்மா வராங்க?" என்பாள்.

பன்னிரண்டு வயதில் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். என் பயம் நிற்கவில்லை. அவள் குடையைத் தொலைத்தால் காரணம் மாத்திரை, கணக்கில் மார்க் குறைந்தால் மாத்திரை, பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று மௌனமானால் அதற்கும் மாத்திரை.

ஜாதவ்பூரில் கல்லூரி முதல் வருடம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் நின்று ஏதோ சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். இனியும் தாங்காது என்று கேட்டேவிட்டேன்.

"அந்த மாத்திரை உன் மூளைய ஏதாவது பண்ணிடுச்சாடி?"

"எப்படிம்மா தெரியும்? அத சாப்பிடாத இன்னொரு நான் எங்க இருக்கேன், ஒப்பிட்டுப் பாக்க?" என்றாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் தெரியும். பெருங்காய வாசனை வந்தா யாரோ வீட்டுக்கு வராங்கன்னு தோணும். வாய் தானா மூடிக்கும்."

அன்று யாரும் வருவதாக இல்லை. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.