வெட்டு முடியும் மட்டும்

என் தொழிலில் முதலாளிமார் தொலைபேசியில் கூப்பிடுவது பெரும்பாலும் திட்டுவதற்குத்தான். அதனால் அன்று காலை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து போடியார் கூப்பிட்டபோதே ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். அவரோ புகழ்ந்து தள்ளினார்.

"மகள், நீங்க தந்த ஆள் தங்கம். ராவு முழுக்கக் கண்ணில எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறான். மத்தவனுகள் பரணில ஏறின உடனே குறட்டை. இவன் ஒரு பொட்டுக் கண் மூடுறானில்ல."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அந்த ஆள் இரவில் கண் மூடாமல் இருக்கிறார் என்றால் இரவு மருந்துக் குளிசை போடவில்லை என்று அர்த்தம்.

கடுமையான மனநோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், கிடைத்த வேலை கைவிட்டுப் போகாமல் கூட நிற்பதும் என் உத்தியோகம். வேலை தேடுவது பெரிய காரியமில்லை. கடை கடையாக ஏறி இறங்க வெட்கப்படாத ஒருத்தி போதும், எனக்கு வெட்கம் எப்போதோ விட்டுப்போயிற்று. கிடைத்த வேலையைக் காப்பாற்றுவதுதான் பாடு. "பாவம், நம்மட பங்குக்கு ஒரு உதவி செய்வம்" என்று தொடங்கும் முதலாளியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம் பார்த்துக் கொடுத்த வேலை ஒரு மழைக்குத் தாங்காது. போடியார் அப்படிச் சொல்லவில்லை. வயலும் மாடும் நிறைய வைத்திருப்பவரை எங்கள் பக்கம் போடியார் என்போம், இவர் ஊரிலேயே பெரிய போடியார். "ஆள் வேலை செய்வானா? அது போதும்" என்று மட்டும் கேட்டார். அதனால்தான் அவரை நம்பினேன்.

நான் சொல்லும் மனிதருக்கு நாற்பது தாண்டிவிட்டது. கலியாணம் ஆகவில்லை, அக்காவுடன் இருந்தார். இல்லாத குரல்கள் கேட்கும் நோய் அவருக்கு, நாங்கள் வருத்தம் என்போம். இரவுக் குளிசையும் மாதாந்தக் கிளினிக்கும் அதைத் தூரத்தில் நிறுத்தி வைத்திருந்தன. முற்றாகப் போகவில்லை. யாராவது பேசுவதுபோல் இருந்தால் தலையைச் சாய்த்து, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்ப்பார். "வாய் அசைஞ்சா உண்மைக் குரல் மிஸ். அசையாட்டி அது என்ர தலைக்குள்ள இருந்து வாறது" என்று எனக்கு விளக்கியிருந்தார். அந்த உபாயத்தை அவரே கண்டுபிடித்தார்.

முதலில் நகரத்தில் ஓர் இரும்புக்கடையில் சேர்த்துவிட்டேன். குளிசையின் மந்தம் விடிந்து வெகுநேரம் போகும்வரை விடாது. கடை திறக்கும் நேரத்துக்கு அவருடைய கண் திறக்கவில்லை, அங்கே நிலைக்கவில்லை. பிறகு வயல் வேலை கிடைத்தது. வெயில் ஏறிய பிறகு போய், தகரத்தைத் தட்டி மயிலையும் கிளியையும் விரட்டுவது, வரம்பு உடைந்தால் மண் வெட்டிப் போடுவது. அது அவருக்கு அளவாக இருந்தது. முதற் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு குடை வாங்கினார். காலையில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால் "வேலைக்குப் போறன்" என்பார். அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகவே தேத்தண்ணீர்க் கடைப் பக்கமாகச் சுற்றிப் போகிறார் என்று அக்கா சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு அந்த வசனம் எவ்வளவு பெறுமதி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கதிர் முற்றத் தொடங்கியதும் யானைப் பயமும் தொடங்கியது. வட்டை என்கிற அந்த வயல்வெளியில் காணி உள்ள ஒவ்வொருவரும் இரவுக் காவலுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். போடியார் இவரை அனுப்பிவிட்டார். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் புகழ்மாலைதான் எனக்கு வந்த முதல் தகவல்.

அன்றைக்கே ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்தேன். மோட்டார் பூட்டிய மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வோம். மழை விட்டிருந்தாலும் வானம் தெளியவில்லை. தண்ணீர் ஈய நிறத்தில் கிடந்தது. பாதையில் வந்தவர்கள் எல்லோரும் பக்கத்து ஊரில் யானை சாய்த்த ஒரு வீட்டுச் சுவரைப் பற்றியே கதைத்தார்கள்.

வட்டையின் விளிம்பில் ஒரு மருத மரத்தில் பரண் கட்டியிருந்தது. அதற்கு அங்கால் காடு. பகல்தான், ஆனால் அவர் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியில் குந்தியிருந்தார். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. நான் கிட்டப் போனதும் என் உதட்டைப் பார்த்தார்.

"குளிசை போடுறீங்களா அண்ணன்?"

"போட்டா அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடப்பன் மிஸ். பிறகு என்ன காவல்?"

"அப்ப இந்த வேலை வேணாம். பகல் வேலையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேக்கிறன்."

அவர் என் கையைப் பிடித்துவிட்டார். ஒருபோதும் அப்படிச் செய்கிற மனிதர் அல்ல. "பகல் வேலை நெல் வெட்டோட முடிஞ்சிரும் மிஸ். ராக்காவல் நிண்டாத்தான் அடுத்த போகத்துக்கும் வெச்சிருப்பன் எண்டவர் போடியார். கேட்டுக் கெடுத்துப் போடாதீங்க. வெட்டு முடியுமட்டும் பொறுங்க."

"ராவில குரல் கேக்குதா?"

அவர் காட்டுப் பக்கம் பார்த்தார். "கேக்குது. ஆனா இருட்டில ஆருட வாயைப் பாக்கிற?"

அத்தனை வருடம் அவரைக் காப்பாற்றிய உபாயம் இருட்டில் செல்லாது என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. பக்கத்து வரம்பில் யானைக் கால் பதிந்த குழி ஒன்றில் தண்ணீர் நின்றது. அது உண்மை யானை. அவருக்குக் கேட்கும் மற்ற யானைகளை யார் போய்ப் பார்ப்பது?

நேரே போடியார் வீட்டுக்குப் போனேன். இவருடைய வருத்தம் போடியாருக்கு முதலே தெரியும், இவர் சம்மதத்தோடு நான்தான் சொல்லியிருந்தேன். நித்திரைதான் அவருக்குப் பாதி மருந்து என்று மறுபடி சொன்னேன். போடியார் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வருத்தம் எல்லாம் எப்பவோ பறந்துட்டு மகள். வேலைதான் அவனுக்கு மருந்து. நானே சொன்னன், குளிசையை விட்டுப் பார் எண்டு. இப்ப என்ன குறை? சிங்கம் மாதிரி நிக்கிறான்."

எனக்கு வந்த கோபத்தை விழுங்கினேன். சத்தம் போட்டால் வேலை போகும், போடாவிட்டால் ஆள் போவார். கெஞ்சியும் கொஞ்சம் மிரட்டியும் பேசியதில், பொங்கலோடு வேறு ஆளைக் காவலுக்கு விட்டு, இவரைப் பகலுக்கு மாற்றுவதாக ஒத்துக்கொண்டார். அடுத்த போகத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வைத்தியரிடம் சொன்னேன், உடனே கிளினிக்குக் கூட்டி வாருங்கள் என்றார். ஆள் வரமாட்டேன் என்றுவிட்டார். பொங்கல் மட்டும் பொறுப்போம் என்று நானும் அக்காவும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பொங்கலுக்கு முன்பே பக்கத்து வட்டையில் யானை இறங்கி, வெட்டுக்கு நின்ற வெள்ளாமையை மிதித்துச் சேறாக்கிவிட்டது. அதன் பிறகு யார் பேச்சைக் கேட்பார் போடியார்? "இந்த நேரத்தில என்ர நல்ல காவல்காரனை இறக்கச் சொல்லுறீங்களா? வெட்டு முடியுமட்டும் பொறுங்க மகள்" என்றார். இரண்டு பேரும் ஒரே வசனத்தை என்னிடம் சொல்லிவிட்டார்கள். யானையை விரட்டக் கொளுத்தி எறியும் யானை வெடி முழுவதையும் இவர் கையிலேயே கொடுத்திருந்தார்கள், நித்திரை கொள்ளாதவன் என்று.

அடுத்த முறை போடியார் ஒரு பகிடியோடு கூப்பிட்டார். விடியப்புறம் மற்றக் காவல்காரன் ஒருவன் பற்றை மறைவில் ஒதுங்கியிருக்கிறான். இவர் யானை என்று அவன் பக்கத்தில் வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டார். "சாரனை விட்டுட்டு ஓடினவன் ஊர்ல வந்துதான் நிண்டவன்!" போடியார் இருமும்வரை சிரித்தார். அந்த வெடி கையில் வெடித்தால் கையே போய்விடும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் உடம்பில் பட்டிருந்தால் இவரைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்றும் தெரியும். வேலை மட்டுமா போகும்? அதுவரை செல்லமாகச் 'சிங்கம்' என்றவர்களே பொலிசைக் கூப்பிடுவார்கள். அதையும் போடியாரிடம் சொன்னேன். நாளைக்கு வெட்டு மெசின் வருகிறது, எல்லாம் முடிகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

மெசின் வந்தது. வெட்டு முடிந்தது. நெல் மூட்டை ஏறிப் போனது. அதற்குப் பிறகுதான் அக்கா அழுதுகொண்டு கூப்பிட்டார்.

"மிஸ், எல்லாரும் வந்துட்டாங்க. இவன் மட்டும் இன்னும் வீட்ட வரல்ல. சோறு கொண்டு போனன், கிட்ட வராத எண்டு கத்துறான்."

போடியாரை வீட்டில் போய்ப் பிடித்தேன். "அலுப்பில எங்கயும் படுத்திருப்பான்" என்று சிரித்தபடிதான் வந்தார். வரம்பில் நடக்க நடக்கச் சிரிப்பு நின்றுபோயிற்று. வட்டை முழுதும் வெறும் வெட்டுத்தாள். மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டு ஆங்காங்கே மேய்ந்தன. காக்க ஒரு மணி நெல் இல்லாத அந்த வெளியின் விளிம்பில், பரணின் மேல், அவர் காட்டைப் பார்த்தபடி நின்றார். காலடியில் வெடிகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். கையில் நெருப்புப்பெட்டி இருந்தது.

"அந்த வரம்பால வராதீங்க மிஸ்! அதிலதான் வருகுது."

நாங்கள் நின்றுவிட்டோம். போடியாரின் முகம் வெளிறிப் போயிருந்தது. அந்த மனிதரை அவர் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"வெட்டு முடிஞ்சுதுடா மனே. இறங்கு" என்றார்.

"தெரியும் போடியார்." குரல் தெளிவாக இருந்தது. "வெட்டு முடிஞ்சுதான். இறங்கினா வேலை இரிக்கா?"

அவர் அங்கே நின்றதில் பாதி வருத்தம், பாதி கணக்கு. இறங்காத வரைக்கும் அவர் வேலையில் இருக்கும் மனிதர்.

போடியார் என்னைப் பார்த்தார். "ஓமெண்டு சொல்லுங்க மகள்."

"வேலை உங்கட. நீங்க சொல்லுங்க."

அவர் வெறும் வயலை ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளைக்கு மிட்டாய் காட்டுகிற குரலில் சொன்னார்: "இரிக்குடா மனே. எப்பவும் உனக்கு வேலை இரிக்கு."

மேலே நின்றவர் தலையைச் சாய்த்து, போடியாரின் உதட்டை உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வாய் அசையுது மிஸ்" என்றார். "ஆனா உண்மை இல்ல. நீங்க சொல்லுங்க."

ஓம் என்று ஒரு சொல் போதும், இறங்கிவிடுவார். என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை. "தெரியா அண்ணன்" என்றேன். "இரிக்கா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. நித்திரை கொண்டு எழும்பினாத்தான் நாம போய்க் கேக்கலாம். நான் கூட வருவன்."

அவர் என் உதட்டையும் பார்த்தார். பிறகு குனிந்து வெடிகளை ஒவ்வொன்றாக ஒரு பையில் போட்டு, நெருப்புப்பெட்டியையும் வைத்து, ஏணியால் இறங்கினார். கால்கள் தள்ளாடின. எங்களிடம் வந்து பையைப் போடியாரின் இரண்டு கையிலும் வைத்தார்.

"பொழுது படக்கொள்ள யானை வரும். தெற்குப் பக்கத்தைப் பாருங்க. நித்திரை கொண்டிராதீங்க போடியார்."

காவல் மாறும் ஆள் அடுத்த ஆளுக்குச் சொல்வதுபோல் அவ்வளவு பொறுப்பாகச் சொன்னார். போடியார் தலையாட்டினார். நான் இறங்கி வந்தவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தேன். வீதியில் ஓட்டோ நின்றது, அதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொஞ்சத் தூரம் போனதும் அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பரண் காலியாக இருந்தது. போடியார் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

என்னோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"அவரும் வாறார்" என்றார். "அப்ப அங்க காக்கிறதுக்கு ஒண்டுமில்ல."

அவர் முகத்தைச் சாரன் நுனியால் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். தேத்தண்ணீர்க் கடையைத் தாண்டும்போது யாரோ, "எங்க போறாய்?" என்று கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டார்.