வேம்புக்கு அம்மை போட்டபோது

கார்த்திகை மழை ஓய்ந்ததும் எங்கள் வீட்டு வேம்பின் நுனிகள் தீயில் காட்டியதுபோலக் கருகின. சீவலப்பேரியில் அந்த வருடம் பல வேம்புகளும் அப்படித்தான் நின்றன.

நான் அப்போது வேளாண்மைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

"நுனிக்கருகல் நோய்ப்பா. பூஞ்சைதான். காய்ஞ்ச நுனியை வெட்டி எரிச்சிட்டா மாசியில துளுத்திரும்" என்றேன்.

"மரம் பட்டுப்போச்சு. கொப்பு ஒடிஞ்சு ஓட்டுமேல விழுந்தா என்ன செய்யதுக்கு?" என்ற அப்பா, விறகுக்கடை அண்ணாச்சியை வரச் சொல்லிவிட்டார். அந்த நிழலில்தான் எங்கள் ஆடுகள் கிடக்கும். நான் பரீட்சைகளுக்குப் படித்ததும் அங்கேதான்.

மறுநாள் அண்ணாச்சி கோடாரியோடு வந்தபோது அம்மா மரத்தைச் சுற்றி மஞ்சள்நீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, மரத்துக்கு அம்மை போட்டிருக்கு. தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் இரும்பு படக்கூடாது."

அவர் கோடாரியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா, தாயி!"

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் நுனிகளை வெட்ட நான் அரிவாளை எடுத்தபோது அம்மா என்னையும் விடவில்லை.

"ஏட்டி, அவருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? பைய வெட்டலாம்."

அம்மை கண்டவர்களை வேப்பிலையில் படுக்க வைப்போம். வேம்புக்கே அம்மை வந்தால்? தெருமுனையில் கருகாமல் நின்ற மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துவந்து அடிமரத்தில் கட்டினாள் அம்மா. அம்மை கண்ட வீட்டின் வழக்கப்படி அடுக்களையில் தாளிப்பு நின்றது, மீனும் நின்றது.

"மரத்துக்கு அம்மைன்னா எனக்கு எதுக்குட்டி பத்தியம்?" என்றார் அப்பா.

"வெட்டணும்னு நின்னது யாரு? பேசாமத் தின்னுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அம்மா மரத்தின் தூரில் ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "ம், இனி உன் பூஞ்சையைப் பாரு" என்றாள்.

அப்பா ஏணியைப் பிடித்துக்கொள்ள, பச்சை தெரியும் இடம்வரை ஒவ்வொரு நுனியாக வெட்டினேன். கீழே விழுந்ததைக் கூட்டித் தீ வைத்தது அப்பாதான். அன்று மதியம் வீட்டில் மீன்குழம்பு.

மாசியில் செந்துளிர் விட்டது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நான் அதே தெருவில் பூஞ்சையைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் இரண்டையும் கேட்டுக்கொண்டார்கள். விறகுக்கடை அண்ணாச்சி மட்டும் இன்றும் எங்கள் வேம்பைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.