ஐந்து மணிக்குப் பிறகு எடுக்கக் கூடாது

கொழும்பிலிருந்து அந்தச் சுற்றுநிருபம் வந்தபோது நாங்கள் சிரித்தோம். ஆங்கிலத்தில் நல்ல விசயமாகத்தான் எழுதியிருந்தார்கள். தமிழ்ப்படுத்திய புண்ணியவான் அதற்கு 'துண்டித்திருக்கும் உரிமை' என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் துண்டிப்பது என்றால் மின்சார சபைக்காரர் வந்து கரண்ட் வெட்டுவதுதான். "ஆருட வீட்டில வெட்டப் போறாங்களாம் மிஸ்?" என்று எங்கள் ஓட்டுநர் கேட்டார்.

விசயம் சிறியது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு அலுவலக போனில் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. வந்தாலும் எடுக்கத் தேவையில்லை. எடுக்காத ஆளை யாரும் குறை சொல்லவும் கூடாது. போனை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. நிர்வாக உத்தியோகத்தர் என்ற வகையில் எல்லோரையும் கூட்டி அதை வாசித்தவள் நான். மனதார வாசித்தேன். அதற்கு முன் அந்தப் போன் என்னோடு சமைக்கக் குசினிக்கும் வந்தது, கோயிலுக்கும் வந்தது. தீபம் காட்டும் நேரத்தில் சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு 'இப்ப அனுப்புறன் சேர்' என்று சொன்ன பாவம் எனக்கு இருக்கிறது.

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நகரத்தில். வேலை முழுவதும் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். வெல்லாவெளியைச் சுற்றிய ஊர்களில் யானை வேலி போட்டுக் கொடுத்து, அதைப் பராமரிக்க ஊருக்கு ஒரு வேலிக்குழுவை அமைத்துக் கொடுத்தோம். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான கள உத்தியோகத்தர் அங்கேயே கலியாணம் முடித்து அங்கேயே வீடு கட்டி, மோட்டார் சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பார். நான் சுற்றுநிருபத்தை வாசித்து முடித்ததும் அவர்தான் கையைத் தூக்கினார்.

"அக்கா, இதில யானைக்கும் ஒரு கொப்பி அனுப்புங்க. அதுகள் அஞ்சு மணிக்குப் பிறகுதான் வேலைக்கு வருதுகள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது பகிடி இல்லை என்பது அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

விதி நன்றாகவே ஓடியது; எடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் வாயில் 'எடுக்கக் கூடாது' என்றே ஆகிவிட்டது. ஐந்து மணியானதும் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் விடைபெற்றுக்கொள்ளும் பழக்கம் ஒன்று தானாக வந்தது. யாரும் அதைத் திட்டமிடவில்லை. கணக்காளர் ஒருநாள் 'வாறன்' என்று எழுதினார், மறுநாள் நான் எழுதினேன், பிறகு எல்லோரும். எங்கள் பக்கத்தில் புறப்படும்போது யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை. அது அபசகுனம். போனவர் திரும்பி வரவேண்டும், அதனால் 'வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும். செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது மட்டும் எதுவும் சொல்லாமல் இறங்கிவிடுவோம். உண்மையாகவே வரும்போதும் அதே சொல்தான். வாயால் சொன்னால் எந்த 'வாறன்' என்று குழந்தைக்கும் விளங்கும். எழுத்தில் அப்படி இல்லை. அதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த மாசி மாதம் வெள்ளாண்மை முற்றி, வெட்டுக்குச் சில நாட்களே இருந்தன. வேலிக்குழுத் தலைவர்களையும் அண்மையில்தான் எங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தோம். ஐந்து மணிக்கு நான் என்னுடைய 'வாறன்' எழுதி, போனைப் பூட்டிவிட்டு, ஆரையம்பதிக்கு பஸ் ஏறிவிட்டேன். நான் அலுவலகத்தை விட்டு இறங்கிச் சற்று நேரத்தில் தலைவர் ஒருவர் குழுவில் எழுதியிருக்கிறார்: 'வேலி விழுந்து கிடக்கு. வயல் வட்டைக்குள்ள நாலஞ்சு நிக்குது. ஆராவது வாங்க.'

அதற்குக் கீழே கணக்காளர், 'வாறன்.' ஓட்டுநர், 'வாறன்.' பொறியியலாளர், 'வாறன்.' அவர்கள் யாரும் மேலே இருந்ததை வாசிக்கவில்லை. வழக்கம்போல விடைபெற்றார்கள், போனை அணைத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். கடைசியாகக் கள உத்தியோகத்தர் எழுதியிருந்தார்: 'நான் வாறன்.'

மறுநாள் காலையில் லாச்சியைத் திறந்தபோது என்னுடைய போன் தவறிய அழைப்புகளால் நிரம்பியிருந்தது. இரவே கள உத்தியோகத்தரின் உடலை எடுத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வீதியோரம், அவர் அதற்குச் சற்றுத் தள்ளி. யானை நின்றதற்கான அடையாளம் சுற்றிவர இருந்ததாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

செத்த வீட்டில் அந்த வேலிக்குழுத் தலைவர் எங்களிடம் வந்தார். வயதான மனிதர். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"எல்லாரும் வாறன் எண்டுதானே போட்டிருந்தீங்க மிஸ். நாங்க பந்தத்தக் கொளுத்திப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டம். ஒராள்தான் வெளிக்கிட்டிருக்கார்."

கணக்காளர் எழுந்து வெளியே போனார். நான் அந்த மனிதருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அழைப்புக்குக் கீழே வரிசையாக வந்த 'வாறன்'களை அவர் வாசிக்க வேண்டியபடிதான் வாசித்திருந்தார்.

ஆனால் கள உத்தியோகத்தரின் மனைவிக்கு அந்தக் கதை போதவில்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்து நான் போனபோது என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அவர் வீட்டதான் வந்தவரா, வேலிக்குப் போனவரா?"

அவர் செத்த அன்று காலையில் இருவருக்கும் சண்டை. அந்தி பட்டால் எந்த வேலிக்கும் போவதில்லை, நேரே வீட்டுக்கு வருவேன் என்று அவளுடைய தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டிருக்கிறார். அவர் விழுந்து கிடந்த வீதி இரண்டு இடத்துக்கும் பொதுவான வீதி. வீட்டுக்கும் வட்டைக்கும் பிரியும் சந்தி அதற்கு அப்பால். சத்தியத்தைக் காத்தாரா மீறினாரா என்று அந்த வீதியும் சொல்லவில்லை, அவர் எழுதிய இரண்டு சொல்லும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியா தங்கச்சி" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. கந்தோர்க்காரருக்கு, அலுவலகத்தாருக்கு, எல்லாம் தெரியும் என்று நினைத்தாள்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு சிங்களப் பெண். 'வாறன்' என்றால் என்ன என்று கேட்டார். வருகிறேன் என்றும் அர்த்தம், போகிறேன் என்றும் அர்த்தம் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டார். தங்கள் வீட்டிலும் போகும்போது சிங்களத்தில் 'போய் வாறன்' என்றுதான் சொல்வார்கள் என்றார். பிறகு அறிக்கையில் ஏதாவது ஒன்றை எழுதத்தானே வேண்டும், கள உத்தியோகத்தர் கடமை முடித்து விடைபெற்றார் என்று எழுதிக்கொண்டு போனார். எனக்கு அவரில் கோபமில்லை. அந்தக் காகிதத்தில்தான் கோபம், இன்றைக்கும்.

இறந்தவருடைய அலுவலக போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பொலிசார் தந்த போனை என் லாச்சியில் வைத்தேன். வேலிக்குழுக்களின் இலக்கங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன என்பதால் இடைக்கிடை சார்ஜ் போட்டு வைத்தேன். ஒருநாள் மாதாந்த வேலை முடியாமல் ஐந்து மணிக்குப் பிறகும் தனியே இருந்தேன். காலுக்குப் பக்கத்தில் லாச்சி அதிர்ந்தது. பயந்துபோனேன், மறைக்க என்ன இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் அவருடைய போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது.

அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்து என்ன சொல்வது? எடுக்கக் கூடாது என்று விதியும் இருந்தது. பழைய அழைப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அந்தியில் ஒரு முறை 'வீடு' கூப்பிட்டிருந்தது.

அதன்பிறகு ஐந்து மணிக்கு மேல் அந்த அறையில் இருக்க என்னால் முடியவில்லை. இருந்த நாட்களில் வேலை ஓடவில்லை, லாச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழுவில் யாரும் 'வாறன்' எழுதுவதும் நின்றுபோயிற்று. எல்லோரும் எதுவும் சொல்லாமலே இறங்கிப் போனார்கள்.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை அவருடைய மனைவியிடம் போனேன். கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன், அவளே சொன்னாள்.

"நான் கோல் அடிக்கிற நேரம் அவர் எடுத்தாரெண்டா இன்னும் கந்தோரில நிக்கிறார் எண்டு அர்த்தம் அக்கா. எடுக்காட்டி மோட்டார் சைக்கிள்ள வந்துகொண்டிரிக்கார். ஓடக்குள்ள போன் எடுக்கமாட்டார். அதுக்குப் பிறகுதான் நான் உலை வைப்பன்."

"இப்ப?"

"இப்பயும் அடிக்குது. ஆரும் எடுக்கிறல்ல."

அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தில் இருந்தது அழுகை இல்லை. எனக்குப் பைத்தியமில்லை என்று சொல்வதுபோல என்னைப் பார்த்தாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். ஐந்து மணிக்குப் பிறகு எடுக்கக் கூடாது என்ற விதி இருக்கும்வரை அதுவும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விதியை மாற்றினார்கள். நடந்ததற்குப் பிறகு மாற்றாமல் இருக்கவும் முடியாது. கள உத்தியோகத்தர் எந்த நேரமும் போனை எடுக்க வேண்டும், வாகனத்தோடும் ஆளோடும் மட்டுமே போக வேண்டும், 'வாறன்' என்று சொல்லவே கூடாது, புறப்பட்டால் 'வெளிக்கிட்டிட்டன்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வந்தது. அத்தனையும் சரியான விதி. இறந்தவருடைய இலக்கத்தை ஓய்வில் விடும்படியும் புதியவருக்கு வேறு இலக்கம் எடுக்கும்படியும் கேட்டு எழுதினேன். ஊர்களுக்குத் தெரிந்த இலக்கம் அதுதான், மாற்றினால் ஆபத்து என்று பதில் வந்தது. அதுவும் சரி.

அந்த விதிக்கான பயிற்சிக்கு என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். நான் அங்கே இருந்தபோதே புதிய கள உத்தியோகத்தர் வேலைக்கு வந்துவிட்டார். அவருக்குப் புதிய போன் ஒன்று வாங்கி, பழைய சிம்மை அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். புதிய போனில் 'வீடு' என்று எதுவும் இல்லை, வெறும் இலக்கம்தான்.

நான் திரும்பி வந்த காலையில் அவர் என் மேசைக்கு வந்தார். நல்ல பிள்ளை, விதியை மனப்பாடம் செய்திருந்தார்.

"அக்கா, நேத்து அந்தியில ஒரு கோல். ஒரு பொம்பிள. வெளிக்கிட்டிட்டீங்களா எண்டு மட்டும் கேட்டவ. ஓம், இந்தா வெளிக்கிட்டிட்டன் எண்டன். எந்த ஊர் எண்டு கேக்கக்குள்ள வெச்சிட்டா. திருப்பி எடுத்தன், எடுக்கல்ல. ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு வேலி வேலியாப் போய்ப் பாத்தம். எல்லா வேலியும் நல்லாத்தான் இரிக்கு."

இலக்கத்தைக் காட்டினார். கைப்பையைக்கூட வைக்காமல் நான் அப்படியே இறங்கி வெல்லாவெளி பஸ் எடுத்தேன்.

அவள் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பவில்லை. நான் பக்கத்தில் குந்தினேன். தங்கச்சி, அது புதுசா வந்த தம்பி, அவருக்கு ஒண்டும் தெரியா என்றேன்.

"விடியக்குள்ளயே விளங்கிட்டு அக்கா" என்றாள். "மனிசன் குரல் கேட்டுது. வெளிக்கிட்டிட்டன் எண்டுது. நான் வேற ஒண்டும் யோசிக்கல்ல. வெளி லைட்டப் போட்டன். சோத்தப் போட்டு மூடி வெச்சன். கொஞ்சத்தால ஒரு வாகனம் வந்து, சந்தியில வீட்டுப் பக்கம் வராம, வேலிக்குப் போற பாதையால போச்சு. வாசல்ல நிண்டு பாத்தன்."

கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அண்டைக்கும் அவர் அந்தப் பாதையாலதான் போயிருப்பார், என்னக்கா?"