ரியலியா, ரேர்லியா?

வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்செட்டில் கேட்டு டைப் அடிப்பது எங்கள் தொழில். காது வலிக்க இதே வேலை பார்க்கும் சகோதர சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

நாக்கில் மை

மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆபீசில் நான் சேர்ந்த புதிது. அமெரிக்காவின் தென்பகுதி டாக்டர் ஒருவர், சின்னப் பிள்ளை 'பின்'னைக் கடித்து ஒரு துண்டை விழுங்கிவிட்டது என்றார். குண்டூசி என்றே அடித்துவிட்டேன். என் டைப்பைச் சரிபார்க்கும் சபீரா அக்கா அடுத்த வரியைக் காட்டினார். பிள்ளையின் நாக்கெல்லாம் நீல மை என்றிருந்தது. குண்டூசியில் ஏது மை? அது பேனா. டாக்டருக்கு எழுதிக் கேட்டோம். பதில் வந்தது: "எங்கள் ஊரில் பின், பென் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். இனிமேல் 'இங்க் பென்' என்றே சொல்கிறேன்."

போனில் கேட்டது

நியூசிலாந்து டாக்டர் ஒருவர், இதய டாக்டருக்குப் போகவேண்டிய கடிதத்தில், வயதான அம்மாள் ஒருவரைப் பற்றி, படியேறும்போது 'ரேர்லி' நெஞ்சு வலிக்கிறது என்றார். எப்போதாவது வலிக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியே அடித்து அனுப்பினேன். சாயங்காலம் எங்கள் ஊர் அலங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில்தான் உறைத்தது. எப்போதாவது வருகிற வலிக்கு எதற்கு இதய டாக்டருக்குக் கடிதம்? அங்கே பலர் வாயில், நிஜமாகவே என்று சொல்லும் 'ரியலி'யும் 'ரேர்லி'யும் ஒன்றாகத்தான் ஒலிக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடிவந்து மேனேஜரிடம் சொல்லி டாக்டருக்குப் போன் போட்டேன். "ரியலியா, ரேர்லியா?" என்று கேட்டேன். பதில் சொன்னார். அதே சத்தம். மறுபடி கேட்டேன். கொஞ்சம் சத்தமாக அதையே சொன்னார். "அடிக்கடியா, எப்போதாவதா?" என்று மாற்றிக் கேட்டேன். "தினமும்" என்றார்.

கடிதம் போய்விட்டிருந்தது. திருத்தி, அவசரம் என்று குறித்து மறுபடி அனுப்பினார்கள். அந்த வாரமே அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்களாம். டாக்டர் எனக்கு இரண்டே வரி எழுதினார்: "படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். கேட்டவர் நீங்கள்."

ஒரு சொல்

இப்போது கம்ப்யூட்டரே கேட்டு அடித்துவிடுகிறது. சரிபார்ப்பது மட்டும்தான் எங்கள் பாடு. போன மாதம் நியூசிலாந்திலிருந்து ஒரு பெரியவரின் குறிப்பு வந்தது. 'வைஃப் டிட், தனியாக வசிக்கிறார்' என்று அடித்திருந்தது. மனைவி என்ன செய்தார்? ஒலிப்பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் டாக்டரின் குரல் லேசாக இறங்கியது. அவர்கள் 'டெட்' என்பது நம் காதுக்கு 'டிட்' என்றுதான் விழும். மனைவி இறந்துவிட்டார்.

திருத்திவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் சபீரா அக்கா என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "ஒரு வார்த்தைதானேக்கா, இதுக்குப் போயி இம்புட்டு நேரமாக்கிட்டேன்" என்றேன், என்ன பேசுவதென்று தெரியாமல். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா மௌத்தானத யாராச்சும் சரியா எழுதணும்லம்மா."

இத்தனை வருஷம் காதைக் கொடுத்து நான் கற்ற இங்கிலீஷ் இவ்வளவுதான்: சந்தேகம் வந்தால் கேள், கேட்டும் விளங்காவிட்டால் வேறு வார்த்தையில் கேள்.