அண்ணன் இழுத்த மூச்சு

பள்ளிக்கூடத்தில் உடலியல் பாடம் நடத்தியவன் நான். தூங்கும்போது மூச்சுவிட மறந்துபோனால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவன் கேட்பான். மூளையின் அடித்தண்டு அதைப் பார்த்துக்கொள்ளும், நம் நினைவு அதற்குத் தேவையில்லை என்பேன். வகுப்பில் சொன்ன அதே பதிலை என் அண்ணனுக்கும் சொன்னேன். அதில்தான் தப்பு தொடங்கியது.

அண்ணன் கோலார் தங்கவயலில் பாறை துளைக்கும் வேலை பார்த்தவர். அவர் உழைப்பில்தான் நான் படித்தேன். சுரங்கத்தின் தூசி நெஞ்சில் இறங்கி, நாற்பது வயதுக்குள் வேலைக்கு லாயக்கில்லாமல் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அண்ணியோடு பெங்களூருக்கு வந்து, அல்சூரில் நான் வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டில் தங்கினார்.

அவரால் படுக்க முடியாது. சுவரோரம் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். கண்ணயர்ந்ததும் மூச்சு மெலியும். சில சமயம் நின்றுவிடும். திடுக்கிட்டு விழித்துத் தோள்களை உயர்த்தி இழுப்பார். அதனால் தலை சாயும்போதெல்லாம் யாராவது தொடையில் தட்டவேண்டும். பகலில் அண்ணி, இரவில் நான்.

"மூச்சு தானா நடக்கும்ணா. பயப்படாம தூங்குங்க," என்றேன் ஒரு நாள்.

"உனக்கு நடக்குது. எனக்கு நான்தான்டா இழுக்கணும். தூங்கிட்டா இழுக்க ஆள் இல்ல."

நோயாளியின் பயம் என்று நினைத்தேன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் அடித்தண்டு மூச்சை முடுக்கிவிடும். வருடக்கணக்கில் கூடியே இருந்தால் அதுவும் பழகி மந்தமாகிவிடும். விழித்திருக்கும் வரை மனிதன் முயன்று ஈடுகட்டுகிறான். தூக்கத்தில் அந்த முயற்சி கிடையாது. தூக்க மருந்து கொடுத்தாலோ, மிச்சமிருக்கும் உணர்வும் மழுங்கிவிடும்.

மூன்று மாதம் போனது. வகுப்பில் கரும்பலகையில் கைவைத்தபடி நின்றுகொண்டே தூங்கினேன். அண்ணனை நான் வெறுக்கவில்லை. அவர் விழித்திருப்பதை வெறுத்தேன். தெருமுனை டாக்டரிடம் வேலை செய்த கம்பவுண்டரிடம் போய்த் தூக்க மாத்திரை கேட்டேன்.

"யாருக்கு சார்? அண்ணனுக்குன்னா டாக்டரைக் கேட்காம தரமாட்டேன்."

"எனக்குத்தான்யா. ராத்திரியெல்லாம் முழிச்சு முழிச்சு, இப்ப படுத்தாலும் தூக்கம் வரல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மாத்திரைகளைப் பொடித்து வெந்நீரில் கலக்கினேன். சளிக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தார்.

சற்று நேரத்தில் தலையணையிலிருந்து சரிந்து, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினார். அவர் படுத்துத் தூங்கி மாதக்கணக்கில் காணாத அண்ணி, நோய் தணிந்துவிட்டது என்றே நினைத்து, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில், இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் பகலில் தூங்கினால் கதவில் ஒரு துண்டைக் கட்டிவைப்பார்கள். துண்டைப் பார்த்தால் யாரும் தட்டமாட்டார்கள். கட்டியவளே உள்ளே போகமாட்டாள். அண்ணி அறைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் அண்ணனின் துண்டைக் கட்டினாள். பிறகு பக்கத்து வீட்டில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் போனாள்.

"அக்கா, உலக்கைய கொஞ்சம் ஓரமா வைங்க. அவரு தூங்குறாரு."

"உங்க ஊட்டுக்காரரு தூங்கினா நாங்க காரமில்லாம துன்னணுமா?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். ஆனால் இடிப்பதை நிறுத்திவிட்டாள்.

முன்னறையில் நானும் படுத்து அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். எழுந்தபோது நான்கு மணிக்கு மேலாகியிருந்தது. அண்ணி காபித் தம்ளரோடு சாத்திய கதவின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"தானா எழுந்துக்கட்டும் தம்பி. எழுப்பக்கூடாது."

நான் கதவைத் திறந்தேன். அண்ணனின் உதடுகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர நெடுநேரமாயிற்று.

ஜட்கா வண்டியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி நெடுக அண்ணி அவர் தொடையில் தட்டிக்கொண்டே, "இழுங்க, இழுங்க" என்றாள். டாக்டர் கண் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று தமிழில் கேட்டார்.

அண்ணி முந்திக்கொண்டாள். "மருந்து ஒண்ணும் இல்லிங்க. நான்தான் துண்டு கட்டிட்டேன். அதனால யாரும் உள்ள போகல. எழுப்பியிருந்தா இழுத்திருப்பாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் எதையும் மறைக்கவில்லை. மாத்திரையின் பெயர், எத்தனை, எத்தனை மணிக்கு, யாருக்கென்று பொய் சொல்லி வாங்கினேன், எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன். அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஊசி போட்டார்கள். விடியும்வரை நானும் நர்ஸும் மாறி மாறி அவரைக் கூப்பிட்டு மூச்சு இழுக்கச் சொன்னோம். அண்ணன் பிழைத்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி இல்லாத நேரம் பார்த்து அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"கசப்பா இருந்ததே, அப்பவே நெனச்சேன்," என்றார். "நீயும்தான் தூங்கி எத்தன நாளாச்சு." இரண்டு மூன்று மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி பேசினார். "அவகிட்ட சொல்லிடு. துண்டு துண்டுன்னு பொலம்பிக்கிட்டு இருக்கா."

சொல்கிறேன் என்றேன். நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்தில் ஜுரம் கண்டு அண்ணன் போய்விட்டார். துக்கத்தில் இருப்பவளிடம் இதையும் சொல்வதா என்று தள்ளிப்போட்டேன். பிறகு, இத்தனை நாள் கழித்து எதற்கு என்று தள்ளிப்போட்டேன்.

அண்ணி என்னோடுதான் இருந்தாள். பகலில் யார் தூங்கினாலும் அவளால் தாங்கமுடியாது. விடுமுறை நாளில் நான் நாற்காலியில் கண்ணை மூடினால், சமையலை விட்டுவிட்டு வந்து ஈரக் கையை என் மூக்கடியில் வைத்துப் பார்ப்பாள். அந்தக் கையில் புகையும் வெங்காயமும் மணக்கும். அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. பதினோரு வருடம் அந்தக் கை வந்துகொண்டே இருந்தது.

"முழிச்சுத்தான் இருக்கேன் அண்ணி," என்பேன். வேறெதுவும் சொன்னதில்லை. துண்டைக் கட்டிய தன் கைதான் காரணம் என்று எண்ணிக்கொண்டேதான் அவளும் போய்ச்சேர்ந்தாள்.